கடலைத் தூர்க்க யாரைக் கேட்பது?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பீச் ஸ்திரீட் என்னும் வீதி ஒரு காலத்தில் மெய்யாகவே கடற்கரையாயிருந்தது. இன்று அதற்கும் அலைக்கும் இடையே வெல்ட் கீ இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து எழுப்பிய நிலம் அது. அதனால் கடலுக்கும் மீனவருக்கும் நேரும் கேட்டை முன்னதாகக் கணக்கிட்டுக் காட்ட வேண்டுமென்ற சட்டம் அந்நாளில் இல்லை.

அத்தகைய சட்டம் மெல்லவே வந்தது. 1974இல் மலேசியப் பார்லிமெண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அடுத்த ஆண்டு அதனை நடத்தும் இலாகா தோன்றிற்று. 1977இலும் 1978இலும் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் பிறந்தன. ஆலைக் கழிவால் கறுத்து நாறிய ஓடைகளைக் கண்ட தோட்டத்தாருக்கு அவற்றின் அவசியத்தை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் அவை ஆலை ஓடும்போது அடக்கும் விதிகள். 1988 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்த உத்தரவோ, வேலை தொடங்குமுன்பே கேள்வி கேட்டது. 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் கடலைத் தூர்ப்பதாயினும், 500 ஹெக்டேர்த் தோட்டத்தில் பயிரை மாற்றுவதாயினும், விவசாயத் திட்டத்துக்காக 100 குடும்பங்களைக் குடிபெயர்ப்பதாயினும், விளைவுகளை ஆராய்ந்த அறிக்கையை இலாகாவின் தலைவரிடம் கொடுத்து அனுமதி பெற வேண்டுமென்று விதித்தது. அறிக்கை எழுதும் நிபுணருக்குக் கூலி கொடுப்பவரோ திட்டக்காரர். தரகன் பேச்சைக் கேட்டுப் பெண் கொடுப்பாருண்டோ? ஆகவே இலாகா நன்கு துருவிப் பார்த்தல் வேண்டும்.

இம்முறைக்குப் பினாங்கிலேயே பரீட்சை வந்தது. தீவின் தென்கடலில் 4,500 ஏக்கரில் மூன்று தீவுகள் எழுப்ப மாநில சர்க்கார் திட்டமிட்டது. 2019 ஜூனில், 70க்கு மேற்பட்ட நிபந்தனைகளோடு இலாகா அனுமதி அளித்தது. மீனவர்கள் அடங்கிவிடவில்லை; முறையீட்டுச் சபையை நாடினர். 2021 செப்டம்பர் 8ஆம் நாள் சபை அவ்வனுமதியை ரத்துச் செய்தது! சர்க்கார் புதிய அறிக்கை கொணர்ந்து 2023 ஏப்ரலில் மீண்டும் அனுமதி பெற்றது. எனினும் அவ்வாண்டிலேயே மூன்று தீவுகள் ஒன்றாகச் சுருங்கின. அந்த ஒன்றைத் தூர்க்கும் வேலையும் தொடங்கிற்று.

மீனவர் முழு வெற்றி பெற்றாரல்லர். ஆயினும் இலாகாவின் முத்திரை தலையெழுத்தன்று என்பதை நாடறியச் செய்தனர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் நடத்தி 2019இல் மறைந்த, தமிழ்நாட்டில் பிறந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்களும் குவாலா ஜூரு மீனவருக்காக 1970களில் வாதாடியவரே.

பெருந்திட்டங்களின் அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. ஆங்கிலமும் மலாயும் கற்ற நம்மவர் அவற்றைப் படித்து, படிக்க இயலாதார்க்குத் தமிழில் எடுத்துரைத்தல் கடமையன்றோ? நாம் வாய் திறவாதிருப்பின், நம் மௌனமே சம்மதமாக எழுதப்படும்.