எட் மேத்ஸ் எடுக்கலாமா, வேண்டாமா? படிவம் 3 மாணவர்கள் முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

படிவம் 4-க்கான பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்துவிட்டால் வீட்டில் ஒரே பேச்சுதான்: எட் மேத்ஸ். "எடுத்தே ஆகணும், இல்லன்னா பெரிய படிப்புக்குப் போக முடியாது" என்பார் மாமா. "அதுல ஏ வாங்குறது ரொம்பக் கஷ்டம், நல்லா வர்ற ரிசல்ட்டை ஏன் கெடுத்துக்கிற?" என்பார் ஏற்கெனவே எழுதி முடித்த அக்கா.

இரண்டு பேரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இது 'நான் கெட்டிக்காரனா, இல்லையா' என்ற கேள்வியே இல்லை. எந்தப் படிப்புக்கு இது வேண்டும், அல்ஜீப்ரா கைவசம் இருக்கிறதா, வாரத்தில் நேரம் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் முடிவு தானாகத் தெளிவாகும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூடுதல் கணிதம் என்பது என்ன?

எஸ்.பி.எம் தேர்வில் கணிதம் கட்டாயப் பாடம். அதை எல்லாரும் எழுத வேண்டும். கூடுதல் கணிதம் அதற்கு மேல் விரும்பி எடுக்கும் இன்னொரு பாடம். எனவே எடுப்பவர்களுக்கு இரண்டு கணிதப் பாடங்கள் இருக்கும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கடினத்தில் மட்டுமில்லை. சாதாரணக் கணிதத்தில் கணங்கள், எண் அடிமானங்கள், நிகழ்தகவு, நிதி நிர்வாகம் என்று பல தலைப்புகளைப் பரவலாகத் தொட்டுப் போவீர்கள். கூடுதல் கணிதத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். படிவம் 4-இல் சார்புகள், இருபடிச் சார்புகள், லாகரிதம், தொடர்கள், வெக்டர் உட்பட 10 அத்தியாயங்கள். படிவம் 5-இல் டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன், திரிகோணமிதிச் சார்புகள் உட்பட 8 அத்தியாயங்கள். முதல் சில அத்தியாயங்களில் பிடி தளர்ந்தால் பின்னால் வருவது எல்லாமே ஆட்டம் காணும்.

2021 முதல் உள்ள தேர்வு வடிவத்தில் இரண்டு தாள்கள். முதல் தாள் 2 மணி நேரம், 80 புள்ளிகள். இரண்டாம் தாள் 2 மணி 30 நிமிடம், 100 புள்ளிகள். இரண்டிலுமே செய்வழியைக் காட்ட வேண்டும். நான்கில் ஒன்றைக் கறுப்பாக்கித் தப்பிக்கும் வாய்ப்பு இல்லை.

முடிவு ஏன் இப்போது உங்கள் கையில்?

உங்கள் அண்ணன், அக்கா காலத்தில் பி.டி.3 முடிவும், அதற்கு முன் பி.எம்.ஆர் முடிவும் பெரும்பாலும் இதைத் தீர்மானித்துவிடும். நல்ல புள்ளி வந்தால் அறிவியல் பிரிவு, இல்லையென்றால் கலைப் பிரிவு. அந்தப் பிரிவுகள் 2020-இல் நீக்கப்பட்டு, பாடத் தொகுப்பு முறை வந்தது. 2022-இல் பி.டி.3 தேர்வும் ரத்தானது.

இப்போது பள்ளிகள் வகுப்பறை மதிப்பீட்டையும் (அடைவுநிலை 1 முதல் 6 வரை), யு.ஏ.எஸ்.ஏ எனும் ஆண்டிறுதித் தேர்வையும் பார்க்கின்றன. எந்தத் தொகுப்பைத் தருவது என்பது பள்ளியில் இருக்கும் ஆசிரியர்களையும் இடங்களையும் பொறுத்தது. ஜொகூர் பாருவில் ஒரு பெரிய பள்ளியில் கிடைக்கும் தொகுப்பு சிகாமட்டிலோ குளுவாங்கிலோ உள்ள சிறிய பள்ளியில் இல்லாமலும் போகலாம். ஆகவே முதல் வேலை: உங்கள் பள்ளியில் கூடுதல் கணிதம் எந்தெந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று கவுன்சலிங் ஆசிரியரிடம் கேட்பது.

எந்தப் படிப்புக்கு இது உண்மையில் தேவை?

வதந்திகள் அதிகம் உலவும் இடம் இதுதான்.

• மெட்ரிகுலேஷன்: அறிவியல், பொறியியல் பிரிவுகளுக்குக் கூடுதல் கணிதம் கேட்பார்கள். ஜொகூரில் தங்காக்கில் ஒரு மெட்ரிகுலேஷன் கல்லூரியும், பொந்தியான் மாவட்டத்தில் பொறியியலுக்கென்றே ஒரு மெட்ரிகுலேஷன் கல்லூரியும் உள்ளன. அங்கே போக ஆசை என்றால் இந்தப் பாடத்தை விடுவது சரியான யோசனை அல்ல.

• எஸ்.டி.பி.எம்: ஆறாம் படிவ அறிவியல் மாணவர்கள் எடுக்கும் 'மேத்தமேட்டிக்ஸ் டி' பாடம், கூடுதல் கணிதம் படித்தவர்களை மனதில் வைத்தே நகரும். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பொறியியல் பட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம்.

• மருத்துவம்: "டாக்டராகணும்னா எட் மேத்ஸ் கட்டாயம்" என்பது பாதி உண்மை. மலேசிய மருத்துவ மன்றத்தின் குறைந்தபட்சத் தகுதியில் உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றோடு 'கணிதம் அல்லது கூடுதல் கணிதம்' என்றுதான் இருக்கிறது. ஆனால் மெட்ரிகுலேஷன் வழியாக மருத்துவத்துக்குப் போக நினைத்தால் அந்த வழியின் நிபந்தனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

• பாலிடெக்னிக் டிப்ளோமா: பல படிப்புகளுக்குச் சாதாரணக் கணிதத்தில் கிரெடிட் இருந்தால் போதும். பாசிர் கூடாங்கிலும் மெர்சிங்கிலும் பாலிடெக்னிக்குகள் உள்ளன. டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்குப் போகும் வழியும் உண்டு.

• சட்டம், ஊடகம், மொழி, ஆசிரியர் பணியின் பல துறைகள்: பொதுவாக இது தேவைப்படுவதில்லை.

இன்னொரு கணக்கும் வீடுகளில் ஓடுகிறது. எஸ்.பி.எம் தேர்வில் 10 ஏ, அதற்கு மேல் பெறும் மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. அதனால் 'ஏ எண்ணிக்கை குறையக்கூடாது, கஷ்டமான பாடம் வேண்டாம்' என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் இடம் கிடைப்பது வேறு, விரும்பிய பிரிவில் இடம் கிடைப்பது வேறு. எட்ட நினைக்கும் பிரிவே கேட்கும் பாடத்தை விட்டுவிட்டு ஏ சேர்ப்பதில் பயன் இல்லை. நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் அல்ஜீப்ரா தயாரா?

கூடுதல் கணிதத்தில் தடுமாறுபவர்கள் பலர் புதிய பாடத்தில் தடுமாறுவதில்லை. படிவம் 2, 3-இல் விட்ட இடைவெளிதான் அங்கே வந்து காலை வாருகிறது. டிஃபரன்சியேஷன் விதி புரிந்திருக்கும். விடையைச் சுருக்கும்போது கழித்தல் குறி ஒன்று நழுவிவிடும்.

கீழே உள்ள ஐந்தையும் புத்தகம் பார்க்காமல், கால்குலேட்டர் இல்லாமல் 20 நிமிடத்தில் செய்து பாருங்கள். இது அதிகாரபூர்வ சோதனை அல்ல. உங்கள் நிலையை நீங்களே பார்த்துக்கொள்ள மட்டும்.

1. எக்ஸ் வர்க்கம், கூட்டல் 7 எக்ஸ், கூட்டல் 12. இந்தக் கோவையைக் காரணிப்படுத்துங்கள்.
2. 3⁵ × 3² ÷ 3⁴ எவ்வளவு?
3. (2, 3), (6, 11) ஆகிய புள்ளிகள் வழியாகச் செல்லும் நேர்கோட்டின் சரிவு என்ன? அது செங்குத்து அச்சை எங்கே வெட்டும்?
4. செங்கோண முக்கோணம் ஒன்றில் கர்ணம் 13, ஒரு பக்கம் 5. அந்தப் பக்கத்துக்கு எதிரே உள்ள கோணத்தின் டேன் மதிப்பு என்ன?
5. வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தை மாற்றி, ஆரம் எதற்குச் சமம் என்று எழுதுங்கள்.

விடைகள்: முதலாவதில் பெருக்கினால் 12, கூட்டினால் 7 வரும் எண்கள் 3, 4, எனவே (எக்ஸ் + 3)(எக்ஸ் + 4). இரண்டாவது 27. மூன்றாவது சரிவு 2, வெட்டும் இடம் −1. நான்காவது 5/12. ஐந்தாவது, பரப்பளவை பை மதிப்பால் வகுத்து அதன் வர்க்கமூலம்.

நான்கோ ஐந்தோ சரி என்றால் அடித்தளம் நன்றாகவே இருக்கிறது. இரண்டு மூன்று என்றால் பயப்பட வேண்டாம். ஆண்டிறுதி விடுமுறையில் படிவம் 2-இன் காரணிப்படுத்துதல், சூத்திரங்கள், படிவம் 3-இன் அடுக்குக்குறி, நேர்கோடு ஆகியவற்றை மட்டும் திரும்பச் செய்தால் சரிசெய்துவிடலாம். ஒன்று அல்லது பூச்சியம் என்றால், முதலில் அதைச் சரிசெய்ய யார் உதவுவார்கள் என்று யோசித்துவிட்டுப் பாரத்தில் எழுதுங்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு

ஆறு ஆண்டுகள் தமிழில் கணிதம் படித்தீர்கள். 'பின்னம்' என்று பழகியது படிவம் 1-இல் 'பெச்சாஹான்' ஆனது. சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகவும் இருந்திருப்பீர்கள். ஆரம்பத்தில் வந்த புள்ளிக் குறைவு மொழியால் வந்ததா, கணிதத்தால் வந்ததா என்று பிரித்துப் பாருங்கள். எண்ணும் குறியீடும் மட்டும் உள்ள கணக்குகளைச் சரியாகச் செய்துவிட்டு, வாக்கியக் கணக்குகளில் மட்டும் தவறினால், உங்களுக்குத் தேவை சொற்பயிற்சிதான். எஸ்.பி.எம் கூடுதல் கணிதத் தாளில் கேள்விகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இரண்டு மொழிகளையும் ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் அப்போது கைகொடுக்கும்.

இன்னொரு விஷயம், தமிழ். கணிதமும் அறிவியலும் சுமையாகும்போது சில வீடுகளில் முதலில் கைவிடப்படுவது எஸ்.பி.எம் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும்தான். எட் மேத்ஸ் எடுப்பதென்றால் தமிழை விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டையும் எடுத்துத் தேறியவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்கள் வாரத்தை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.

வேகமாகப் போவது எப்போதும் நல்லதா?

இந்தக் கேள்வி மலேசியாவுக்குப் புதிதல்ல. 1996 முதல் 2000 வரை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு பி.டி.எஸ் என்ற தேர்வு இருந்தது. அதில் தேறியவர்கள் நான்காம் ஆண்டைத் தாண்டி நேராக ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம். 2001-இல் அது கைவிடப்பட்டது.

அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படிக்கும் வாய்ப்பு சிலருக்கு மட்டும் கிடைப்பது நியாயமல்ல என்று கருதி, 2014-இல் அதை ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். பெற்றோர் பலர் எதிர்த்தார்கள். 2024 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தனர்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் 2024 முதல் உயர்நிலை 1-இல் சேரும் மாணவர்களை எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரிப்பதில்லை. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று அவரவர் நிலைக்கு ஏற்பப் படிக்கலாம். ஏ மேத்ஸ் உயர்நிலை 3-இல்தான் தொடங்கும்.

மூன்று இடத்திலும் தெரிவது ஒன்றே. எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுப்பதும் சிக்கல், தயாராகாதவரை முன்னால் தள்ளுவதும் சிக்கல்.

நேரம் இருக்கிறதா?

கூடுதல் கணிதம் பார்த்துப் படிக்கும் பாடம் இல்லை. கையால் போட்டுப் பழக வேண்டிய பாடம். தேர்வுக்கு முந்தைய மாதம் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய முடியாது. தினமும் அரை மணி, முக்கால் மணி ஒதுக்க முடியுமா என்று நேர்மையாகப் பாருங்கள். வேலைக்காகப் பெற்றோர் விடியற்காலையில் சிங்கப்பூர் போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறதா? அதையும் கணக்கில் சேருங்கள். டியூஷன் உதவும், ஆனால் கட்டாயமில்லை. பணம் ஒரு தடை என்றால் பள்ளியின் கூடுதல் வகுப்பு, பழைய தேர்வுத் தாள்கள், சேர்ந்து படிக்க இரண்டு நண்பர்கள் என்று தொடங்கலாம்.

எடுத்துவிட்டு முடியவில்லை என்றால்?

படிவம் 4-இன் தொடக்கத்தில் பாடத்தை விடுவது, நடுவில் புதிதாகச் சேர்வதைவிடப் பொதுவாக எளிது. அதனால் இரண்டு மனதாக இருப்பவர்கள் எடுத்துவிட்டு, முதல் மூன்று அத்தியாயங்கள் முடிந்ததும் நிலையைப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் எதுவரை மாற்றலாம் என்ற கடைசித் தேதியைப் பள்ளியில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எடுக்காமல் விட்டவர்களுக்கும் வழி அடைபட்டுப் போவதில்லை. பின்னர் தனிப்பட்ட தேர்வாளராக எஸ்.பி.எம் கூடுதல் கணிதத்தை எழுதலாம். அப்போது வகுப்பும் ஆசிரியரும் இல்லாமல் தனியாகப் போராட வேண்டியிருக்கும், அதுதான் வித்தியாசம்.

சுருக்கமாக

• பொறியியல், இயற்பியல், கணினி, அறிவியல் மெட்ரிகுலேஷன் ஆசை இருக்கிறது, அல்ஜீப்ராவும் ஓரளவு வருகிறது: எடுங்கள்.
• ஆசை இருக்கிறது, அல்ஜீப்ரா பலவீனம்: விடுமுறையில் சரிசெய்துவிட்டு எடுங்கள்.
• என்ன படிப்பது என்றே தெரியவில்லை, கணிதம் பிடிக்கும்: எடுத்துப் பாருங்கள், விடும் தேதியைக் குறித்து வையுங்கள்.
• போகும் துறைக்குத் தேவையில்லை, கணிதம் சுமையாகவே இருக்கிறது: விடலாம். அந்த நேரத்தைச் சாதாரணக் கணிதத்தில் நல்ல புள்ளி வாங்கப் பயன்படுத்துங்கள்.

நண்பர்கள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதும், யாரும் எடுக்கவில்லை என்பதும் இந்தப் பட்டியலில் இல்லை. அம்மா அப்பாவிடம் பேசும்போது "எனக்கு வேண்டும்", "எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல், மேலே உள்ள மூன்று கேள்விகளுக்கும் உங்கள் பதிலைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு நடப்பது சண்டையாக இருக்காது, பேச்சாக இருக்கும்.