பிரிப்பதா, அறுப்பதா? ஒரு மின்ரம்பமும் மதுரையின் இடிப்பு வரலாறும்

சமயநல்லூரில் தாத்தா கட்டிய மச்சு வீட்டின் பின்கட்டைப் போன வருஷம் இடிக்க வேண்டி வந்தது. தளம் ஒழுகி, சுவரில் உப்புப் பூத்து, இனி மராமத்து பார்த்துப் பிரயோஜனமில்லை என்ற நிலை. வேலையைப் பழைய வீடு இடிக்கும் மேஸ்திரி ஒருவரிடம் விட்டோம். கட்டை, கதவு, நிலை எல்லாவற்றையும் விற்று வரும் காசைக் கூலியில் கழித்துக்கொள்வது என்று பேச்சு.

என்னிடம் ஒரு ரெசிப்ரோகேட்டிங் ஸா இருந்தது. துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொள்ளும் மின்ரம்பம். முனையில் நீளமான ஒரு பிளேடு. 28 மில்லிமீட்டர் தூரம் முன்னும் பின்னும் போய்வரும், நிமிஷத்துக்குச் சுமார் 2,700 தடவை. வாங்கி இரண்டு வருஷமாக முருங்கைக் கிளை வெட்டியதைத் தவிர அதற்கு வேலை கொடுத்ததில்லை. மேஸ்திரி ஆட்களோடு டீ குடிக்கப் போன இடைவெளியில் உள்ளே போனேன். மேல்தளத்தை ஏற்கெனவே கொத்தி இறக்கிவிட்டார்கள். தேக்குக் கட்டைகள் மட்டும் சுவருக்குச் சுவர் வெறுமனே கிடந்தன. சுவரை ஒட்டி இரண்டு முனையிலும் அறுத்தேன். ஒரு முனைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் நாலு கட்டை கீழே.

பாராட்டுவார் என்று நினைத்தேன். குனிந்து முனையைத் தடவிப் பார்த்தார். "என்ன தம்பி இப்படிப் பண்ணிப்புட்டீங்க? கட்டையை முனையோட உருவணும். இப்ப இது துண்டு. பாதி வெலைக்குக்கூடக் கேக்க மாட்டான்" என்றார்.

கணக்கு எளிமையானது. கட்டையின் ஒவ்வொரு முனையும் முக்கால் அடி சுவருக்குள் உட்கார்ந்திருக்கும். பதினொன்றரை அடிக் கட்டையைச் சுவரை ஒட்டி அறுத்தால் மிஞ்சுவது பத்தடி. பத்தடி அகல அறைக்கு அதைத் திரும்பப் போட முடியாது, சுவரில் உட்கார முனை இல்லை. முனை கரையான் அரித்திருந்தால் நஷ்டமில்லை. எங்கள் வீட்டில் முனைகள் நன்றாகவே இருந்தன. சுவருக்குள் மாட்டிக்கொண்ட துண்டுகளை எடுத்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி ஒன்றை யோசித்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டை 'இடிச்சாச்சு' என்பதைவிட 'பிரிச்சாச்சு' என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஓட்டைப் பிரிப்பது, கூரையைப் பிரிப்பது, பந்தலைப் பிரிப்பது. பிரித்தது இன்னோர் இடத்தில் சேரும். மதுரையின் வரலாற்றைப் புரட்டினால் இந்த ஊரின் பெரிய இடிப்புகளும் அப்படித்தான் நடந்திருக்கின்றன.

முதல் உதாரணம் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டப்பட்டது. இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அதில் ஒரு பகுதிதான். பழைய அளவில் கால்வாசி என்பார்கள். மீதியைப் பிரித்தவர் அந்நியர் அல்ல, திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் (ஆட்சிக்காலம் 1659–1682). தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, அங்கே அரண்மனை கட்ட இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார். அரண்மனை வளாகத்தின் மிச்சமாகச் சந்துக்குள் நிற்கும் பத்துத் தூண்களைச் சுற்றி இன்று ஜவுளிக் கடைகள். எஞ்சிய மகாலைப் பழுதுபார்த்துக் காப்பாற்றியது 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு.

இரண்டாவது, கோட்டை. விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு எழுந்தது. 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் நெரிசலில் திணறுகிறது என்று சுவரை எடுக்க முடிவு செய்தார். அவர் கண்டுபிடித்த வழி சாமர்த்தியமானது. சுவரை இடித்து அகழியை மேடாக்குபவர்களுக்கு அந்த இடமே சொந்தம். எதிரெதிரே இருந்த சுவரும் பள்ளமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன. அப்படிக் கிடைத்த நிலத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். சர்வேயர் மாரட் பெயரிலும் வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரிலும் வீதிகள் உண்டு. ஒரு மேஸ்திரியின் பெயர் தெருப் பலகையில் நிலைத்திருப்பது எத்தனை ஊரில் நடக்கும்? பிளாக்பர்ன் நினைவாக வைத்தது விளக்குத்தூண். கோட்டையின் மிச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொத்தளம் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

மூன்றாவது நம் காலத்திலேயே நடப்பது. செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது அவற்றின் பர்மா தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அங்கிருந்து எங்கெங்கோ போகின்றன.

இதெல்லாம் ஏன் முடிந்தது? அக்காலத்து மனிதர்கள் சிக்கனக்காரர்கள் என்பது மட்டும் காரணமில்லை. இணைப்புகள் கழற்றக்கூடியவையாக இருந்தன. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. தட்டினால் சாந்து உதிரும், கல் முழுசாக வரும். சிமெண்டில் கல்தான் முதலில் உடையும். நம்மூர் கட்டைக்குத்துத் தளத்தில் (மெட்ராஸ் டெரஸ்) தேக்குக் கட்டைகள் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாகக் குத்தி நிறுத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். ஏறின வரிசைக்கு நேரெதிர் வரிசையில் இறங்கினால் எல்லாமே பிரிந்து வரும். வரிசை தப்பி, மேலே தளம் இருக்கும்போது கட்டையில் கைவைத்தால் தளம் தலையில் விழும்.

அப்படியானால் என் ரம்பம் எந்த ஊர் ஆயுதம்? சக்கரம் சுற்றுவதை முன்பின் அசைவாக மாற்றி அறுக்கும் யோசனை மிகப் பழையது. இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபோலிஸ் நகரில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டி ஒன்றில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் கல் அறுக்கும் ரம்பம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கையில் பிடிக்கும் கருவியாகப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் மில்வாக்கி கம்பெனி. 1951-இல் வந்த அவர்களின் 'ஸாஸால்' என்ற பெயர்தான் அங்கே இன்றும் எல்லாக் கம்பெனி மெஷினுக்கும் வழக்குப் பெயர். நம்மூரில் மண் அள்ளும் மெஷின் எல்லாம் ஜேசிபி ஆன மாதிரி.

அமெரிக்க வீடு மரச்சட்டத்தை ஆணியால் கோத்தது. இரண்டு சட்டத்துக்கு நடுவே உள்ள இடுக்கில் பிளேடை விட்டு ஆணியை மட்டும் அறுத்தால், சட்டம் சேதமில்லாமல் தனியே வந்துவிடும். இரும்பையும் மரத்தையும் சேர்த்து அறுக்கும் பிளேடு அதற்காகவே உண்டு. பல் கெட்டியான எஃகு, முதுகு வளையும் எஃகு. ஆக, அந்த மெஷினும் பிரிப்பதற்குத்தான் உதவுகிறது. அதை வைத்து அறுத்துத் தள்ளியது நான்.

மறுநாள் மேஸ்திரியிடம் கேட்டேன், "அண்ணே, இதுக்கு ஏதாவது வேலை இருக்கா?" வாசல் நிலையைக் காட்டினார். நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்ப் சுவருக்குள் புதைந்திருக்கும். கடப்பாரை போட்டு நெம்பினால் நிலை பிளந்துவிடும். இரும்பு அறுக்கும் பிளேடை மாட்டி, நிலைக்கும் சுவருக்கும் நடுவில் விட்டேன். ஆறு கிளாம்ப். நிலை கீறல் இல்லாமல் வந்தது. பிறகு பரண் பலகைகளின் ஆணிகள். "இது நல்லாருக்கே" என்று அவரே ஒரு தடவை வாங்கி ஓட்டிப் பார்த்தார்.

வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு வார்த்தை. சுவருக்குள் ஓடும் ஒயர் பிளேடுக்குத் தெரியாது, முதலில் ஈ.பி. இணைப்பை எடுத்துவிடுங்கள். கான்கிரீட் வீட்டில் இதற்கு அதிக வேலையில்லை, அதற்கு பிரேக்கர்தான்.

மிச்சம் ஒன்பது கட்டைகளையும் அவர்கள் முறைப்படி உருவினார்கள். முனைக்கு மேலே இரண்டு வரி செங்கல்லைத் தட்டி எடுத்து, ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் இழுக்க வேண்டும். ஒரு கட்டைக்கு இரண்டு ஆள், அரை மணி நேரம். வாடிப்பட்டிப் பக்கம் வீடு கட்டுகிற ஒருவர் ஒன்பதையும் வாங்கிப் போனார். நான் அறுத்த நாலும் என் தலையில். இரண்டு புத்தக அலமாரிக்கு ஆனது. இரண்டு இன்னும் கொல்லைச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. முன்கட்டை என்றைக்காவது பிரிக்க வேண்டியிருந்தால், அதே மேஸ்திரியைத்தான் கூப்பிடுவேன். அவர் டீ குடிக்கப் போனால் நானும் கூடவே போய்விடுவேன்.