ரூக்கி கார்டு: ஐஸ் ஹாக்கி அட்டைச் சேகரிப்பில்

ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவரின் படம், உரிமம் பெற்ற நிறுவனம் அச்சிட்டு நாடெங்கும் பாக்கெட்டில் விற்ற முதன்மைத் தொகுப்பு ஒன்றில் முதன்முதலாக இடம்பெறும்போது, அந்த அட்டை அவருடைய ரூக்கி கார்டு எனப்படுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஹாக்கி அட்டை சேகரிப்போர், ஒரு வீரருக்கு எத்தனை அட்டைகள் வந்திருந்தாலும் இதையே முதலில் தேடுகிறார்கள். விலையும் பெரும்பாலும் இதற்கே அதிகம்.

வீரர் களமிறங்கிய ஆண்டும் அவருடைய ரூக்கி கார்டு வெளிவந்த ஆண்டும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. எது உண்மையான ரூக்கி கார்டு என்ற வழக்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது. அட்டையின் ஆண்டைத் தீர்மானித்தது அச்சிட்டு விற்ற தொழில். வீரரின் ஆட்டத்துக்கு அதில் பங்கு குறைவு. அந்தத் தொழிலின் வரலாறு தெரிந்தால் வழக்கின் பெரும்பகுதி தானே தெளிவாகும்.

சிகரெட் அட்டைகள்

ஹாக்கி அட்டைகளின் தொடக்கம் புகையிலை வணிகத்தில் இருக்கிறது. கனடாவின் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் 1910–11 பருவத்தில் வெளியிட்ட 36 அட்டைகள் கொண்ட தொகுப்பு, சேகரிப்பாளரிடையே சி56 என்ற குறியீட்டால் அறியப்படுகிறது. நியூசி லலாண்ட், சைக்ளோன் டெய்லர் போன்றோர் அப்போதே பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு அதற்கு முன் அட்டை இல்லாததால், இத்தொகுப்பில் உள்ளவையே அவர்களின் ரூக்கி கார்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. கோல் காவலர் ஜார்ஜ் வெசினா 1910இல் மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியில் சேர்ந்தார். அவருடைய ரூக்கி கார்டு அடுத்த பருவத்தில், 45 அட்டைகள் கொண்ட சி55 தொகுப்பில் வந்தது. 1923–24இல் வில்லியம் பேட்டர்சன் நிறுவனத் தொகுப்பு ஹௌவி மொரென்சுக்கு முதல் அட்டையைத் தந்தது. 1930களில் இந்த வணிகம் பபிள்கம் நிறுவனங்களின் கைக்கு மாறியது. ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரைச் சேர்ந்த ஓ-பீ-சீ அவற்றில் முக்கியமானது.

போர் உண்டாக்கிய இடைவெளி

இரண்டாம் உலகப்போரின்போது அட்டை வெளியீடு நின்றது. மீண்டும் தொடங்க ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. டொரான்டோவின் பார்க்ஹர்ஸ்ட் நிறுவனம் 1951–52இல் 105 சிறிய அட்டைகளைக் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அதன் 4ஆம் எண் மொரீஸ் ரிஷார், 61ஆம் எண் டெரி சாச்சுக், 66ஆம் எண் கார்டி ஹௌ. ரிஷார் தேசிய ஹாக்கி லீகில் ஆடத் தொடங்கியது 1942இல். 1944–45இலேயே 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்துவிட்டார். ஹௌ 1946இல் வந்தவர். இருவரும் புகழின் உச்சத்தில் நின்றபோது வெளிவந்த அட்டைதான் இன்றும் அவர்களின் ரூக்கி கார்டு.

அந்த இடைக்காலத்தில் இவர்களின் படமே கிடைக்கவில்லை என்பதில்லை. பீஹைவ் என்ற சோளப்பாகின் லேபிளை அஞ்சலில் அனுப்பியவர்களுக்கு, அதைத் தயாரித்த நிறுவனம் ஹாக்கி வீரர்களின் புகைப்படங்களை அனுப்பிவைத்தது. ஹௌ, ரிஷார் இருவரின் பீஹைவ் படங்களும் பார்க்ஹர்ஸ்ட் அட்டைக்கு முந்தியவை. ஆனால் அவை அஞ்சலில் கேட்டுப் பெற்ற புகைப்படங்கள். கடையில் பாக்கெட்டாக விற்ற எண்ணிட்ட தொகுப்பில் வந்தவை அல்ல. அதனால் சேகரிப்பாளர்கள் அவற்றை மதித்துச் சேர்த்தாலும் ரூக்கி கார்டு என்று அழைப்பதில்லை. விற்ற முறையும் தகுதியின் ஒரு பகுதி என்ற கொள்கைக்கு இதுவே பழைய சான்று.

டாப்ஸும் ஓ-பீ-சீயும்

அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1954–55இல் தன் முதல் ஹாக்கித் தொகுப்பை வெளியிட்டது. பாபி ஹல்லின் ரூக்கி கார்டு 1958–59 டாப்ஸில் 66ஆம் எண். பாபி ஓருடையது 1966–67 டாப்ஸில் 35ஆம் எண். பாபி ஓர் விதிவிலக்கான அதிர்ஷ்டசாலி: சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்ற அதே பருவத்திலேயே அவருக்கு அட்டையும் வந்துவிட்டது.

1968–69 முதல் ஓ-பீ-சீ கனடாவுக்குத் தனித் தொகுப்பு வெளியிட்டது. டாப்ஸின் வடிவமைப்பையே எடுத்துக்கொண்டு, கூடுதல் அட்டைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்டது. இதனால் ஒரே வீரருக்கு ஒரே ஆண்டில் இரண்டு ரூக்கி கார்டுகள் இருப்பது வழக்கமாயிற்று. இரண்டும் தகுதி பெற்றவையே. எனினும் ஆட்டத்தின் தாயகத்தில் வெளியானது என்ற மதிப்பாலும், அச்சிட்ட எண்ணிக்கை குறைவு என்பதாலும் ஓ-பீ-சீ அட்டையைத்தான் சேகரிப்பாளர்கள் உயர்வாகக் கருதுகிறார்கள்.

புதுமுகங்களைச் சேர்க்க அந்நாளைய தொகுப்புகள் அவசரப்படவில்லை. 1984–85இல் முதல் பருவத்திலேயே 100 புள்ளிகள் குவித்த மரியோ லெமியூவுக்கு 1985–86இல்தான் அட்டை வந்தது. 1986இல் மான்ட்ரியாலுக்கு ஸ்டான்லி கோப்பையை வென்றுதந்த கோல் காவலர் பட்ரிக் ரோயின் அட்டை 1986–87 தொகுப்பில் உள்ளது.

கிரெட்ஸ்கி அட்டை

துறையின் தலையாய அட்டை, 1979–80 ஓ-பீ-சீ தொகுப்பின் 18ஆம் எண்: நீல விளிம்புக்குள் எட்மன்டன் ஆயிலர்ஸ் சீருடையில் வெய்ன் கிரெட்ஸ்கி. அவர் 1978–79இலேயே போட்டி லீகான உலக ஹாக்கி சங்கத்தில் ஆடியவர். அந்தச் சங்கத்துக்கான அட்டைத் தொகுப்பு 1977–78உடன் நின்றுவிட்டதால் அவ்வாண்டு அவருக்கு அட்டை இல்லை. 1979இல் சங்கம் கலைந்து ஆயிலர்ஸ் தேசிய லீகில் சேர்ந்தபோதுதான் முதல் அட்டை வந்தது.

முன்பே தொழில்முறையில் ஆடியவர் என்று சொல்லி, லீக் அவரைப் புதுமுகமாக ஏற்கவில்லை. 1980க்கான கால்டர் கோப்பை ரே போர்க்குக்குச் சென்றது. விருதுக்குப் புதுமுகம் அல்லாத கிரெட்ஸ்கிக்கு அந்தப் பருவத்தில் ரூக்கி கார்டு இருக்கிறது. விருது பெற்ற போர்க்கின் ரூக்கி கார்டோ 1980–81இல்தான் வந்தது. களத்துக்கு ஒரு விதி, அட்டைக்கு வேறொரு விதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பருவம் இல்லை. கிரெட்ஸ்கி அட்டை வந்த அதே 1979–80 தொகுப்பில் கார்டி ஹௌவின் கடைசிப் பருவ அட்டையும் உள்ளது.

ஓ-பீ-சீ அட்டைகள் சொரசொரப்பான விளிம்போடு வெட்டப்பட்டவை. படம் நடுவில் அமைந்து, முனை மழுங்காமல் கிடைப்பது மிக அரிது. பி.எஸ்.ஏ. தர நிறுவனம் 10க்கு 10 அளித்த கிரெட்ஸ்கி அட்டை ஒன்று 2020 டிசம்பரில் 12.9 லட்சம் டாலருக்கும், 2021இல் 37.5 லட்சம் டாலருக்கும் விற்றது.

1990: விதிகளின் காலம்

1990–91இல் அப்பர் டெக், ஸ்கோர், புரோ செட் ஆகியவை ஹாக்கிக்குள் நுழைந்தன. ஜரோமிர் யாகருக்கு ஒரே ஆண்டில் பல நிறுவனங்களின் ரூக்கி கார்டுகள் வந்தன. ஒருவரை ஒருவர் முந்தும் போட்டியில், லீகுக்கு வராத இளைஞர்களும் தொகுப்புகளில் இடம்பெற்றார்கள். எரிக் லின்ட்ரோசின் ஸ்கோர் அட்டை, 1991 வீரர் தேர்வில் அவரை ஓர் அணி எடுக்கும் முன்பே விற்பனைக்கு வந்தது. அவர் லீகில் ஆடியது 1992இல். பாவெல் புரேயின் அப்பர் டெக் அட்டையும் அவர் வான்கூவருக்கு ஆடும் முன்பே வந்தது.

பாக்கெட்டில் அரிதாகச் செருகப்படும் சிறப்பு அட்டைகள், அதே படத்தின் வேற்றுநிறப் பதிப்புகள், இளையோர் லீக் அட்டைகள் எனப் பெருகியபோது ஒரு தீர்ப்பாளர் தேவைப்பட்டார். அந்த இடத்தைப் பிடித்தது விலைப்பட்டியல் வெளியிட்ட பெக்கெட் பத்திரிகை. உரிமம் பெற்ற முதன்மைத் தொகுப்பில், அதன் எண் வரிசைக்குள் வரும் அட்டைக்கே ரூக்கி என்ற அடையாளத்தை அது தந்தது. செருகல் அட்டைகளும் வேற்றுநிறப் பதிப்புகளும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றன.

யங் கன்ஸ்

2004–05 பருவம் கதவடைப்பால் நடக்கவே இல்லை. அந்த இடைவேளையில் இன் தி கேம் என்ற நிறுவனம் சிட்னி கிராஸ்பி, அலெக்சாண்டர் ஓவெச்கின் இருவருக்கும் தேசிய லீக் சீருடை இல்லாத அட்டைகளை வெளியிட்டது. காலத்தால் முந்தியவை என்றாலும், சேகரிப்பாளர் வழக்கில் அவை ரூக்கிக்கு முந்தைய அட்டைகள் மட்டுமே. ஆட்டம் மீண்ட 2005–06இல் அப்பர் டெக் வெளியிட்ட யங் கன்ஸ் வரிசையே ரூக்கி கார்டாக ஏற்கப்பட்டது: கிராஸ்பி 201ஆம் எண், ஓவெச்கின் 443ஆம் எண். யங் கன்ஸ் அட்டைகள் சற்று அரிதாகவே கிடைப்பவை; ஆயினும் தொகுப்பின் எண் வரிசைக்குள் வருவதால் செருகல் அட்டைகள் ஆகா. பின்னாளில் கானர் மெக்டேவிட் 2015–16இலும் கானர் பெடார்ட் 2023–24இலும் இதே வரிசையில் வந்தார்கள்.

ஆனால் கிராஸ்பிக்கு அதே ஆண்டில் வேறு பல ரூக்கி கார்டுகளும் உண்டு. தி கப் என்ற உயர்விலைத் தொகுப்பில் கையொப்பமும் சீருடைத் துண்டும் பதித்து 99 படிகள் மட்டும் வெளியான அட்டை, விலையில் யங் கன்ஸை எங்கோ விட்டுச் செல்கிறது. அருமையை மதிப்போர் தி கப்பை முன்வைக்கிறார்கள். எல்லோருக்கும் எட்டும் பாக்கெட்டில் வந்ததே அடையாளம் என்போர் யங் கன்ஸை முன்வைக்கிறார்கள்.

மதிப்பீட்டு அளவுகோல்

ஒரு நூற்றாண்டு வழக்கில் நிலைத்திருக்கும் அளவுகோல்கள் மூன்று: உரிமம், பொது விற்பனை, முதன்மைத் தொகுப்பின் எண் வரிசை. மூன்றிலும் தேறும் மிக முந்தைய ஆண்டின் அட்டையே ரூக்கி கார்டு. அந்த ஆண்டில் பல இருந்தால் அனைத்துக்கும் அத்தகுதி உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் உண்மையானது என்பது சேகரிப்பாளரின் விருப்பத் தேர்வு. அந்த உரிமை அவருக்கு இருக்கிறது. ஆனால் விற்பவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது எந்த அளவுகோலால் சொல்கிறார் என்பதை வாங்குபவர் கேட்டாக வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அது முந்தைய அட்டையாகவோ அரிய அட்டையாகவோ இருக்கலாம்; ரூக்கி கார்டின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.