ஹேர்வார்த் வால்டனும் 'புயல்' கூடமும்: முன்னோடிக் கலையின் சமூக அடிப்படை

கலை வரலாறு பெரும்பாலும் கலைஞரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. படைப்புகளை மக்கள் முன் கொணரும் நிறுவனங்களும் அவற்றை இயக்கியோரும் அடிக்குறிப்புகளுக்குள் ஒதுக்கப்படுகின்றனர். பேர்லின் நகரில் 'டெர் ஸ்டூர்ம்' (புயல்) ஓவியக்கூடத்தை நிறுவிய ஹேர்வார்த் வால்டனின் (1878–1941) வாழ்வை நோக்குமிடத்து இக்குறைபாடு தெளிவாகும்.

யூதக் குடும்பமொன்றிற் பிறந்து இசை பயின்ற வால்டன், 1910 இல் 'புயல்' வார இதழைத் தொடங்கினார். 1912 இல் அப்பெயரிலேயே கூடத்தைத் திறந்தார். கொகொஷ்காவின் ஓவியங்களும் 'நீலக் குதிரைவீரன்' குழுவினர், இத்தாலிய எதிர்காலவாதிகள் ஆகியோரின் ஆக்கங்களும் அவ்வாண்டிலேயே அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டன. 1913 இல் நடத்திய இலையுதிர்காலக் கண்காட்சியில் ஏறத்தாழ 90 கலைஞரின் 360க்கும் மேற்பட்ட படைப்புகள் இடம்பெற்றன. பின்னர் கலைப்பள்ளியும் நாடக அரங்கும் இவற்றுடன் இணைந்தன.

இம்முயற்சிகளின் பொருளியல் அடிப்படை கவனத்திற்குரியது. பூர்ஷுவா இரசனைக்குச் சவாலாயமைந்த 1913 கண்காட்சிக்கு நிதியளித்தவர் பேர்ன்ஹார்ட் கோலர் என்னும் தொழிலதிபரே. அரசவை, கலைக்கழகம் ஆகியவற்றின் பிடியிலிருந்து கலைஞனை விடுவித்த சந்தை, அவனைப் புதிய தளையிற் பிணித்தது. 1914 இல் இக்கூடத்தில் தனிக்கண்காட்சி நடத்திய மார்க் சகால், உலகப்போரின் பின் 1922 இல் பேர்லினுக்குத் திரும்பியபோது படங்கள் விற்கப்பட்டிருந்தன. அப்பணமோ பணவீக்கத்தாற் பெறுமதியிழந்திருந்தது. வழக்காடியும் சில படங்களே மீண்டன. இதனைத் தனிமனிதரிடையே எழுந்த பிணக்காக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கலைப்படைப்பு பண்டமாகும் சமூகத்தில், புதுமைக்குக் களமமைப்பவனே அதன் வணிகனுமாகிறான்.

கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த வால்டன், இதழ் நின்றுபோன 1932 இல் மொஸ்கோ சென்றார். வெளிப்பாட்டுவாதத்தை 1934 இல் லூகாச் கடுமையாகக் கண்டித்திருந்தார். மொஸ்கோவில் வெளிவந்த 'டாஸ் வோர்ட்' இதழில் 1937–38 இல் அவ்விவாதம் மீண்டும் மூண்டபோது, வால்டன் வெளிப்பாட்டுவாதத்தின் பக்கம் நின்று எழுதினார். 1937 இல் மியூனிக் நகரில் நாசிகள் கொகொஷ்கா, சகால் ஆகியோரின் ஆக்கங்களைச் 'சீரழிந்த கலை' எனக் காட்சிப்படுத்தி இழிவுசெய்திருந்தனர். பாசிசம் பகையாகக் கண்ட கலையை, பாசிசத்துக்கு வழிவகுத்த கலையெனக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும் என்பது அவ்விவாதத்தில் உள்ளுறைந்த வினாவாகும்.

1941 மார்ச்சில் மொஸ்கோவிற் கைதுசெய்யப்பட்ட வால்டன், அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி சரத்தோவ் சிறையில் மரணமானார்.

மாக்சியத் திறனாய்வாளராகிய நாம் இம்மரணத்தை மௌனமாகக் கடந்துவிட இயலாது. ஒரு கலையியக்கத்தின் வர்க்க வேர்களை இனங்காணுதல் ஆய்வின் தொடக்கமாகும். அதனையே இறுதித் தீர்ப்பாக்கி, தீர்ப்பை அரச அதிகாரத்திடம் ஒப்படைக்குமிடத்துத் திறனாய்வு தன் பணியை இழந்துவிடுகிறது. வால்டனின் வரலாற்றை நாம் மீள வாசிக்கவேண்டிய தேவையும் இதுவே.