தில்லியின் பழைய விமான நிலையங்களும் மறைந்த இடங்களின் பெயர்களும்

குளிர்காலத்தில் தில்லியைப் பனிமூட்டம் கவியும்போது வானிலைச் செய்திகளில் இரண்டு பெயர்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று சப்தர்ஜங், மற்றொன்று பாலம். சப்தர்ஜங்கில் வெப்பநிலை இவ்வளவு, பாலத்தில் பார்வைத் தொலைவு இவ்வளவு என்று அறிவிப்பர். தில்லியின் வெப்பநிலை என நாடு முழுவதும் படிக்கப்படுவது சப்தர்ஜங் வானிலை நிலையத்தின் அளவே ஆகும். இவ்விரண்டும் அந்நகரத்தின் பழைய விமான நிலையங்களின் பெயர்கள் என்பதைச் செய்தியைப் படிப்பவரும் கேட்பவரும் இன்று எண்ணிப் பார்ப்பதில்லை. முன்னது விமான நிலையமாக இயங்குவதில்லை. பின்னதன் பெயர் 1986இல் மாற்றப்பட்டது. இடம் போனாலும் பெயர் வேறோர் இடுக்கில் புகுந்து வாழ்வதைக் காட்டும் சான்றுகள் தில்லியில் மிகுதி. அவற்றைத் தமிழில் எழுதவும் பெயர்க்கவும் நேரும்போது எழும் சிக்கல்களும் மிகுதி.

சப்தர்ஜங் என்பது இடப்பெயராகத் தோன்றியதன்று. அஃது ஒரு பட்டம். பாரசீகத்தில் 'சஃப்' என்பது அணிவகுப்பு. 'தர்' என்பது பிளப்பது. 'ஜங்' என்பது போர். போரில் பகைவரின் அணியைப் பிளப்பவன் என்பது பொருள். 1754இல் மறைந்த அவத் நவாபு மிர்சா முகீம் அபுல் மன்சூர் கான் இப்பட்டத்தைப் பெற்றிருந்தார். பட்டம் அவருடைய கல்லறை மாளிகைக்குப் பெயராயிற்று. கல்லறை மாளிகையின் அருகிலிருந்த விமானத் தளம் விடுதலைக்குப் பின் அப்பெயரை ஏற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், அமெரிக்கப் படையினருக்கென அமைந்த மருத்துவமனையும் இப்பெயரால் வழங்கலாயிற்று. பின்னர்க் குடியிருப்புகள், மேம்பாலம், இரயில் நிலையம் என இப்பெயர் பரவிற்று. போர்க்களத்துச் சொல் ஒன்று நோயாளரின் முகவரியாகவும் வெப்பமானியின் முகவரியாகவும் மாறிய இவ்வரலாற்றில் சொற்பொருள் மாற்றம் ஏதும் இல்லை. பொருளே உதிர்ந்துவிட்டது என்பதுதான் சரி. சப்தர்ஜங் மருத்துவமனைக்குச் செல்லும் எவரும் அணிவகுப்பைப் பிளப்பவனை நினைப்பதில்லை.

அத்தளத்திற்கு முன்னர் இருந்த பெயர் வில்லிங்டன். 1929இல் தில்லியின் முதல் விமானத் தளமாக அஃது இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் இலண்டன்–கராச்சி விமானத் தடம் தில்லி வரை நீட்டிக்கப்பட்டது. 1931 முதல் 1936 வரை வைசிராயாக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு அமைந்தது. இவர் 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். ஆதலின் இவர் பெயர் தமிழுக்குப் புதிதன்று. ஆனால் வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் பிரபுவின் பெயரும் தமிழகத்தில் உண்டு. நீலகிரியின் படைப்பயிற்சிக் கல்லூரி அவ்வூரில்தான் உள்ளது. தமிழில் எழுதுவோர் இவ்விரு பெயர்களையும் வெகு காலமாகக் கலந்தே எழுதி வந்துள்ளனர். தில்லியின் வில்லிங்டன் மருத்துவமனை 1970களில் ராம் மனோகர் லோகியாவின் பெயரைப் பெற்றது. அதன் பழைய பெயரைப் பழைய நாவல் ஒன்றில் காணும் மொழிபெயர்ப்பாளர், 'வெலிங்டன்' என்று எழுதிவிட்டால் படிப்பவர் மனம் குன்னூருக்குச் சென்றுவிடும். முதல் உயிரில் ஒலிக்கும் சிறு வேறுபாடு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவாகிவிடுகிறது.

இனிப் பாலம். இது கிராமத்தின் பெயர். தில்லியின் தென்மேற்கில் உள்ள இவ்வூரில் கிடைத்த வடமொழிக் கல்வெட்டு விக்கிரம ஆண்டு 1333, அதாவது கி.பி. 1276ஐச் சேர்ந்தது. பால்பன் சுல்தானாக இருந்த காலத்தில் உத்தரர் என்பவர் படிக்கிணறு ஒன்று அமைத்ததை அது கூறுகிறது. தோமரர், சௌகானர், அவர்களுக்குப் பின் 'சகர்' என அந்நிலத்தை ஆண்டோரை அது வரிசைப்படுத்துகிறது. துருக்கிய சுல்தான்களே இங்குச் சகர் எனப்படுகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. நகரத்தின் பெயரைத் 'தில்லி' என்பதற்கு நெருங்கிய வடிவிலும் 'யோகினிபுரம்' என்றும் அக்கல்வெட்டு தருகிறது. 'டெல்லி' என எழுதுவதா, 'தில்லி' என எழுதுவதா என்று தமிழில் ஓயாது நடக்கும் வழக்கிற்கும் இதனால் ஒரு சான்று கிடைக்கிறது. டகரம் தமிழில் மொழிமுதல் வாராது என்னும் விதியை விட்டுவிட்டாலும், ஊராரின் ஒலிப்புக்கு அணுக்கமானது தில்லியே. டெல்லி என்பது ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழியாக வந்தது. எனினும் செய்தித்தாள்களில் டெல்லிக்கே செல்வாக்கு மிகுதி. இலக்கணமும் வரலாறும் ஒரு பக்கம் நின்றும் வழக்கு மறுபக்கம் சாய்வது புதிதன்று.

பாலத்தின் விமானத் தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டானிய விமானப் படைக்கென அமைக்கப்பட்டது. 1947 மார்ச்சு 22ஆம் நாள் மவுண்ட்பேட்டன் வந்து இறங்கியது இங்கேதான். 1959 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவரும், 1961 சனவரியில் அரசி இரண்டாம் எலிசபெத்தும் இங்கு வரவேற்கப்பட்டனர். பொதுமக்களுக்கான விமானங்கள் சப்தர்ஜங்கிலிருந்து இங்கு மாறியது 1962இல். அதன்பின் சப்தர்ஜங், விமானப் பயிற்சிக் கழகத்தினரின் சிறு விமானங்களுக்கு உரியதாகச் சுருங்கிற்று. 1980 சூன் 23ஆம் நாள் சஞ்சய் காந்தி தம் இறுதிப் பயணத்தை அங்கிருந்துதான் தொடங்கினார்.

தமிழருக்குப் பாலம் என்ற பெயர் தனிச் சிக்கலைத் தந்தது. இந்தியில் அப்பெயரின் ஒலிப்பு, ஆற்றின் குறுக்கே கட்டப்படும் பாலத்தின் தமிழ் ஒலிப்போடு ஏறத்தாழ முழுமையாக ஒத்துப்போகிறது. எழுத்திலோ வேறுபாடே இல்லை. 'பிரதமர் பாலத்தில் இறங்கினார்' என்னும் தொடரைத் தில்லியை அறியாத ஒருவர் எவ்வாறு பொருள் கொள்வார்? தமிழ்ச் செய்தியாளர் 'பாலம் விமான நிலையம்' என முழுப்பெயரையும் திரும்பத் திரும்ப எழுதியது இந்த மயக்கத்தைத் தவிர்க்கவே எனக் கருதலாம். இங்கு மொழியியலாளர் நோக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. மகர ஈற்றுப் பெயர் வேற்றுமை ஏற்கும்போது அத்துச் சாரியை பெறும் என்பது தொல்காப்பியம் முதலாக வரும் விதி. வேற்றுமொழிப் பெயர்களில் இவ்விதி எல்லாவிடத்தும் செல்லாது. ரோமில், அசாமில், வியட்நாமில் என்றே எழுதுகிறோம். ஆயின் ஈற்றயலில் குறில் அகரம் நின்று மகரத்தில் முடியுமாயின் அப்பெயர் சிதம்பரத்தைப் போலவே நடத்தப்படுகிறது. 'பாலமில்' என்று எந்தத் தமிழரும் சொல்லார். 'பாலத்தில்' என்பதே இயல்பு. அயலூர்ப் பெயரொன்று உள்ளூர்ப் பெயரின் சாரியையை வாங்கிக்கொள்ளும்போதுதான் அது மொழிக்குள் குடிபுகுந்தது எனலாம். சப்தர்ஜங் அவ்வாறு புகவில்லை. அதை ஸஃப்தர்ஜங், சஃப்தர்ஜங், சப்தர்ஜங் என மூவகையாக எழுதுகிறோம். ஆய்த எழுத்தை ஃபகர ஒலிக்குப் பயன்படுத்துவதா இல்லையா என்னும் வழக்கு அப்பெயரில் இன்றும் முடிவுறாது நிற்கிறது.

'விமான நிலையம்' என்னும் தொடரும் ஒரு வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. புறநானூற்றிலேயே வானவூர்தி உண்டு. எனினும் நிலைபெற்றது விமானம். அதுவரை அச்சொல் தமிழருக்குக் கருவறையின் மேல் எழும் கட்டுமானத்தையும் புராணத்துத் தேவரின் ஊர்தியையும் குறித்தது. 'நிலையம்' புகைவண்டி நிலையத்தின் வழியில் வந்தது. விமானம் ஏறும் இடமும் தமிழரின் கருத்தில் ஒரு ஸ்டேஷன்தான். இந்தியின் பேச்சு வழக்கில் 'ஹவாயீ அட்டா' என்பர். அட்டா என்பது ஆட்கள் கூடி நிற்கும் இடம். பேருந்து நிற்குமிடமும் அட்டாவே. அலுவல் இந்தியில் மட்டும் 'விமானபத்தன்'. ஆங்கிலத்தின் 'போர்ட்' என்னும் கூறை அப்படியே பெயர்க்க வேண்டி, துறைமுகத்தைக் குறிக்கும் 'பத்தன்' எடுக்கப்பட்டது. தமிழின் பட்டினம் அதன் உறவு. காவிரிப்பூம்பட்டினத்தையும் நாகப்பட்டினத்தையும் உடைய மொழி இந்த இடத்தில் கடலை நினைக்கவில்லை. கடற்கரையற்ற தில்லியின் கலைச்சொல் ஆக்குநர் நினைத்தனர். 1995இல் உருவான இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் இந்திப் பெயரில் அந்தப் பத்தன் இடம்பெற்றுள்ளது. அவ்வாணையத்தின் தலைமையகம் இருப்பது பழைய சப்தர்ஜங் விமான நிலைய வளாகத்தில். விமானம் இறங்காத நிலத்திலிருந்துதான் நாட்டின் விமான நிலையங்கள் நிருவகிக்கப்படுகின்றன.

தில்லிக்கு அலுவல் நிமித்தம் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் நினைவில் பாலம் பெரும்பாலும் வழியனுப்பும் இடம். ஊருக்குப் போவது கிராண்ட் டிரங்கு எக்ஸ்பிரசில். விமானத்தில் போவது அமைச்சரும் உயர் அதிகாரியும் அயல்நாட்டுப் படிப்புக்குச் செல்லும் மகனும். மாலையும் பலகாரப் பொட்டலமுமாகச் சென்று, விமானம் கண்ணுக்கு மறையும் வரை நின்றுவிட்டு வருவது அக்காலத்து வழக்கம். விமானத்தில் ஏறாதவருக்கும் அதனோடு ஓர் உறவு இருந்தது. 1949 சனவரியில் தொடங்கிய இரவு விமான அஞ்சலின்படி தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களின் விமானங்களும் நள்ளிரவில் நாகபுரியில் கூடும். அஞ்சற் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் தத்தம் ஊர் திரும்பும். மயிலாப்பூரில் மாலையில் இட்ட கடிதம் மறுநாளே தில்லியின் கரோல்பாகில் கிடைக்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. 1965இல் தில்லியிலிருந்து 'கணையாழி' இதழ் தொடங்கியதும், இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் தில்லியைக் களமாகக் கொண்டு எழுதியதும் இவ்வாறு தென்னாட்டோடு இடையறாத் தொடர்பு கொண்டிருந்த ஒரு சமூகத்தில்தான். அவர்களுடைய உரைநடையில் வரும் தில்லி இடப்பெயர்களைத் தொகுத்து ஓர் அகராதி செய்தால், நகரத்தின் வரைபடத்தில் இன்று இல்லாத பலவற்றை மீட்கலாம். அத்தகைய பணி தேவை.

1986 மே மாதம் பன்னாட்டு விமானங்களுக்கான புதிய முனையம் திறக்கப்பட்டு, நிலையம் முழுவதற்கும் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் உள்நாட்டு விமானங்கள் புறப்படும் பழைய பகுதியை மக்கள் பாலம் என்றே குறித்துவந்தனர். முன்பு முழுமையைக் குறித்த சொல் உறுப்பைக் குறிக்கலாயிற்று. சொற்பொருளியலில் இது பொருட்சுருக்கம் எனப்படும். 2010இல் மூன்றாம் முனையம் திறக்கப்பட்டபின் அதுவும் தளர்ந்து, 'டி ஒன்', 'டி த்ரீ' என எண்களே பெயராயின. 2018இல் திறக்கப்பட்ட மெட்ரோ தடத்தில் 'பாலம்' என்பது தனி நிலையம். முதல் முனையத்திற்கு வேறு நிலையம் உண்டு. ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் வானில் உலவிய பெயர் கிராமத்திற்கே திரும்பிவிட்டது. விமானிகளின் நான்கெழுத்துக் குறியீட்டில் மட்டும், தில்லி விமான நிலையத்தின் இறுதி எழுத்தாகப் பாலத்தின் முதலெழுத்து இன்றும் நிற்கிறது.

தில்லியின் ஏனைய மறைந்த இடங்களையும் இவ்வாறே ஆராயலாம். கிங்ஸ்வே என்பதை ராஜபத் என்றது நேர் மொழிபெயர்ப்பு. குவீன்ஸ்வே என்பதை ஜனபத் என்றதோ மொழிபெயர்ப்பு ஆகாது, அரசியை அகற்றி மக்களை அமர்த்தியது. ராஜபத் 2022இல் கர்த்தவ்ய பத் ஆனபோது தமிழில் 'கடமைப் பாதை' என எழுதலாயினர். முன்னதை 'ராஜபாட்டை' என்று எழுத இயன்றும் எழுதாமல் ஒலிபெயர்த்தவர்கள் பின்னதை மட்டும் ஏன் மொழிபெயர்த்தனர் என்பது தனியே ஆராயத்தக்கது. கன்னாட் பிளேஸ் 1995இல் ராஜீவ் சௌக் எனப் பெயர் மாறியும், அப்பெயர் நாவில் ஏறியது 2005இல் அங்கு மெட்ரோ நிலையம் திறந்த பின்னரே. அதுவும் நிலத்தடி நிலையத்திற்கு மட்டும். மேலே ஏறி வந்தால் அது 'சி.பி.'தான். அங்கிருந்த ரீகல் திரையரங்கு (1932) 2017இல் மூடப்பட்டது. சாணக்கியா திரையரங்கு 2007இல் மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. ராஜ் ரேவல் வடிவமைத்து 1972இல் எழுந்த பிரகதி மைதானத்து 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' 2017 ஏப்பிரலில் தரைமட்டமாயிற்று.

அதனருகில் 1984இல் திறக்கப்பட்டு 2008இல் மூடப்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பூங்கா 'அப்பு கர்'. 1982 ஆசிய விளையாட்டுகளின் சின்னமான யானைக்குட்டியின் பெயர் அப்பு. தமிழ், மலையாளம், கன்னடம் ஆகியவற்றில் செல்லப்பெயராகவும், யாழ்ப்பாணத் தமிழில் மூத்தோரைக் குறிக்கும் முறைப்பெயராகவும் வழங்கும் சொல் அது. தென்னாட்டுச் சொல் ஒன்று இந்தியின் 'கர்' என்பதோடு கூடி நின்றது. 'அப்பு வீடு' என்று பெயர்த்தால் யாழ்ப்பாணத்தார்க்கு அது பாட்டனார் இல்லமாகிவிடும். இதன் மறுதலையாக, 1973இல் குடமுழுக்குக் கண்ட ராமகிருஷ்ணபுரத்துச் சுவாமிநாதர் கோயிலைத் தில்லித் தமிழர் மலைக்கோயில் என்பதைவிட 'மலை மந்திர்' என்றே மிகுதியாகச் சொல்கின்றனர். இந்தி பேசுவோர் செவியில் அதன் முற்பகுதி பாலாடையைக் குறிக்கும் 'மலாயி'யை நினைவூட்டும். பாலம் தமிழரைப் படுத்திய பாடு இங்கு ஈடுசெய்யப்பட்டது போலும்!

அண்மையில் மறைந்த இடம் ஒன்று இவை யாவற்றினும் தமிழருக்கு நெருக்கமானது. ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா ஓடையின் கரையில் இருந்த 'மதராசி கேம்ப்', நீதிமன்ற ஆணையின்படி 2025 சூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். தமிழகத்திலிருந்து வந்து, வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்து பல பத்தாண்டுகள் வாழ்ந்தோர். 189 குடும்பங்களுக்கு மட்டும் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதி உண்டு எனப்பட்டது. பிள்ளைகள் தமிழ் படித்த பள்ளி அங்கிருந்து வெகு தொலைவு. ஓடையின் பெயர் ஜஹாங்கீர் காலத்தில் மிஹர் பானு ஆகா என்பவர் கட்டிய பன்னிரு தூண் பாலத்தால் வந்தது. 'புல்' என்பதே பாலம். ஆக, தமிழர் பலர் வாழ்ந்தது உண்மையான பாலத்தின் அருகில்தான்.

இக்குடியிருப்பைத் தமிழில் 'மதராசி முகாம்' என்றும் எழுதினர். கேம்ப் என்பதற்கு முகாம் நேரான சொல்லே. ஆனால் ஈழத்து அகதியர் வந்தபின் அச்சொல் தற்காலிகத்தையும் பிறர் தயவையும் உணர்த்தும் சொல்லாகிவிட்டது. அரபியில் அதன் மூலமான 'முகாம்' தங்குமிடம். அதே வேரில் பிறந்த 'முகீம்' நிலையாகக் குடியிருப்பவன், சப்தர்ஜங் பிரபுவின் இயற்பெயரில் உள்ள சொல். வாக்காளர் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் 'மதராசி கேம்ப்' என்னும் முகவரியில் பெற்றவர்களுக்கு அது பெயர்ச்சொல். முகாம் என்று பெயர்த்தால் அவர்கள் குடியிருந்தது, தங்கிச் சென்றதாக மாறிவிடுகிறது. ஆதலின் இவ்விடத்தில் ஒலிபெயர்ப்பே தக்கது. 'மதராசி' என்பதையும் மாற்ற வேண்டியதில்லை. வடவர் வைத்த பெயராயினும், அந்த முகவரிக்குத்தான் அஞ்சல் வந்து சேர்ந்தது.