இடிந்தகரைப் பந்தலில் பெண்கள்

உவரியிலிருந்து கடலோரமாகத் தென்மேற்கே போனால் கூத்தன்குழி. அதையும் தாண்டினால் இடிந்தகரை. 2011 ஆகஸ்டில் அங்கே லூர்து மாதா ஆலயத்தின் முன் எழுந்த பந்தல், கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டத்தின் மையமானது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஜப்பானின் புகுசிமாவில் உலைகள் உருகியிருந்தன.

எதிர்ப்பு அன்று தொடங்கியதல்ல. இந்த உலைக்காக ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988இல் ஒப்பந்தம் போட்டார்கள். மறு ஆண்டு மே 1 அன்று அதை எதிர்த்துக் கன்னியாகுமரியில் நடந்த மீனவர் பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது.

ஆனால் இம்முறை பெண்கள் முன்னால் வந்தார்கள். ஆண்கள் கடலுக்குப் போன நாட்களிலும் பந்தல் காலியாகவில்லை. பலருக்குப் பீடி சுற்றுவதே கைக்காசு. முறத்தை மடியில் வைத்துச் சுற்றியபடியே தொடர் உண்ணாவிரதத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மீன் கெட்டால் அடுப்பு அணையும், கதிர்வீச்சு வந்தால் பிள்ளைகளைத் தாக்கும் என்பதே அவர்களின் வாதம். செய்திகளில் போராட்ட ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமாரன் பெயர் பெரிதாக வந்தது, நியாயம்தான். ஆனாலும் போராட்டத்தை ஆண்டுக்கணக்கில் நிலைக்க வைத்தது இந்தப் பெண்களின் உழைப்பு.

2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் திரண்ட போராட்டக்காரர்கள் மீது தடியடி, கண்ணீர்ப்புகை. உவரிக்கு வடகிழக்கே மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் மீனவர் ஒருவர் இறந்தார். கைதான பெண்கள் திருச்சி சிறைக்குப் போனார்கள். பிணை கிடைத்தும் சிலர் ஊர் திரும்ப முடியாமல் மதுரையில் தங்க வேண்டியிருந்தது.

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்தது. போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் சொன்னது. ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. பந்தலில் இருந்த பாட்டிமார் மூப்படைந்துவிட்டார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.