கோல் போடாதவளின் வரலாறு

விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘அடித்த கோல்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. என் மாணவி பேனாவை அதன்மேல் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்கம்மா எழுதறது? நாலு வருசத்துல ஒண்ணுகூட இல்ல. நான் ஸ்டாப்பர்.”

ஆத்தூரில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் தமிழ்த்துறை ஆசிரியைகளை மாணவிகள் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் முதுகலை முதலாண்டு. கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து பேருந்தில் வருகிறவள். தாய் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரிக்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் தாயை அந்த ஈரத்தரையிலிருந்து எழுப்பிவிடலாம் என்பது அவள் கணக்கு. கிடைக்காவிட்டால் தைக்குள் கல்யாணம் என்பது வீட்டின் கணக்கு. இரண்டு கணக்குக்கும் நடுவில் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது.

நான் கால்பந்து ஆடியவள் அல்ல. 1990களில் நான் படித்த பள்ளியில் பெரிய மைதானம் பையன்களுடையது. கட்டடத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம் எங்களுடையது. அதில் வளையப்பந்து ஆடினோம். அதனால் ஸ்டாப்பர் என்றால் யார் என்று அவளிடமே கேட்டேன்.

“கோலிக்கு முன்னாடி கடைசியா நிக்கிறவங்கம்மா. அந்தப் பக்கத்து ஃபார்வர்டு பந்தோட வந்தா நிறுத்தணும். நாங்க நல்லா ஆடினா ஒண்ணும் நடக்காது. ஒண்ணும் நடக்காததுதான் எங்க ஆட்டம்.”

இந்த வாக்கியம் என்னை விடவில்லை. வீட்டில் பெண்கள் செய்யும் வேலையில் பாதி இந்த வகைதானே. குழந்தை காய்ச்சலில் விழவில்லை, பால் பொங்கி வழியவில்லை, மாமியாரின் மருந்து தீர்ந்துபோகவில்லை, கடன்காரர் வாசலுக்கு வரவில்லை. நடக்காமல் பார்த்துக்கொண்ட எதற்கும் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது. தவறினால் மட்டும் பெயர் வரும். ஸ்டாப்பருக்கும் அப்படியே. தொண்ணூறு நிமிடத்தில் எண்பத்தொன்பது நிமிடம் தடுத்தவளை யாரும் பேசமாட்டார்கள். மீதி ஒரு நிமிடத்தைப் பேசுவார்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் என் மனம் உடனே புறத்திணைக்குப் போயிற்று. மாற்றான் அரணை முற்றுகையிட்டு வளைப்பவன் சூடுவது உழிஞை. உள்ளே நின்று மதிலைக் காப்பவன் சூடுவது நொச்சி. பதினைந்து ஆண்டுகளாக இதை வகுப்பில் சொல்லி வருகிறேன். ஆனால் தொல்காப்பியர் வகுத்த ஏழு புறத்திணைகளில் நொச்சிக்குத் தனி இடம் இல்லை. காப்பவன் பக்கத்துச் செய்திகளும் தாக்குபவனின் உழிஞைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆநிரை கவர்வது வெட்சி, கவர்ந்ததை மீட்பது கரந்தை என்று பிற்காலத்தில் பிரித்தார்கள். தொல்காப்பியத்தில் கரந்தையும் வெட்சிக்குள்தான். நொச்சி தனித் திணையாக நிற்பதை ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் பார்க்கிறோம். காப்பதும் ஒரு செயல், அதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்பதை ஏற்க இலக்கணத்துக்கே நெடுங்காலம் ஆகியிருக்கிறது.

அதற்கு முன்பே அந்த இலையைக் கூர்ந்து பார்த்தவர் ஒரு பெண். வெறிபாடிய காமக்கண்ணியார் பாடிய புறநானூற்று 271ஆம் பாடல் நொச்சித் திணைப் பாடல். இளம்பெண்கள் இடையில் தழையாக உடுத்திக்கண்ட அதே நொச்சியை, போரில் விழுந்த காவல் வீரனின் குருதி தோய்ந்த மாலையாக அவர் காண்கிறார். பெண்ணின் உடையும் காப்பவனின் மாலையும் ஒரே செடியிலிருந்து பறித்தவை. வசிஷ்ட நதிக்கரையில் கோட்டை இருக்கும் ஊரில் இருந்துகொண்டு, சளிக்கு ஆவி பிடிக்க நொச்சி பறித்துக்கொண்டு, இந்தப் பாடலை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஸ்டாப்பர் ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கு வேறாகப் படுகிறது.

கால்பந்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் கிடைத்தவர் ஆலிஸ் கெல். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக், கெர் என்ற தொழிற்சாலை முதல் உலகப் போரின்போது வெடிபொருள் செய்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, அங்கே வேலைக்கு வந்த பெண்கள் ஓய்வு நேரத்தில் பந்து உதைத்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று, காயமடைந்த படைவீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட டீப்டேல் மைதானத்தில் ஆடினார்கள். பத்தாயிரம் பேர் வந்தார்கள். டிக், கெர் லேடீஸ் என்று பெயர் பெற்ற அந்த அணியின் தலைவிதான் ஆலிஸ் கெல். அவர் ஆடிய இடம் பின்களம்.

அந்த அணி எந்த லீக்கிலும் இல்லை. பெண்களுக்கு லீக் என்ற ஒன்றே அன்று கிடையாது. ஊர் ஊராகப் போய் நிதிக்காக ஆடுவது, மறுநாள் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் அணியோடு அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் உள்ளே வந்தார்கள். இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். வழக்கமாக முன்களத்தில் ஆடும் ஃபுளோரி ரெட்ஃபர்ட் அன்று ரயிலைத் தவறவிட்டார். முதல் பாதி முழுக்கப் பின்களத்தில் நின்ற ஆலிஸ் கெல், இரண்டாம் பாதியில் முன்னே போனார்; மூன்று கோல் போட்டார். அணி நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றது.

இன்றும் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய மூன்று கோலையும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். முதல் பாதியில் அவர் எத்தனை பந்தை மறித்தார் என்பது எந்த வரியிலும் இல்லை. தலைவியாகவே இருந்தாலும், தடுப்பதை நிறுத்திவிட்டு முன்னே ஓடிய நாளில்தான் தடுப்பாட்டக்காரியின் ஆட்டம் வரலாற்றில் ஏறுகிறது.

அடுத்த ஆண்டே கதவு சாத்தப்பட்டது. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், தன் உறுப்புச் சங்கங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்தது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்பது ஒரு காரணம். நிதிக்கென்று திரட்டிய பணத்தில் செலவுக் கணக்கு அதிகம் என்பது இன்னொன்று. பெண்ணின் உடல்மீது ஒரு சந்தேகம், பெண்ணின் கைக்காசுமீது ஒரு சந்தேகம். இரண்டும் நமக்குப் புதியவை அல்ல. தடை அரை நூற்றாண்டு நின்றது, 1971இல்தான் விலகியது. தடைக்குப் பிறகும் டிக், கெர் பெண்கள் கிடைத்த வெளிகளில் ஆடினார்கள். 1965 வரை அந்த அணி இருந்தது. அத்தனை ஆண்டும் பட்டியலுக்கு வெளியேதான்.

இங்கே யாரும் அப்படித் தடை போடவில்லையே என்று கேட்கலாம். போடவில்லை, தடை போடுமளவுக்கு எதையும் கொடுக்கவும் இல்லை. எங்கள் பக்கத்திலேயே ஒப்பிட ஓர் ஆள் இருக்கிறார். நாமக்கல்லில் பிறந்த நல்லப்பன் மோகன்ராஜ், இடது பின்களத்தில் ஆடியவர். கோவாவிலும் கொல்கத்தாவிலும் பெரிய கிளப்புகளில் இடம் பிடித்தார். இந்திய அணிக்கு ஆடினார். 2014இல் முதல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற அட்லெட்டிகோ டி கொல்கத்தா அணியில் இருந்தார். இந்தச் சமவெளியின் மண்ணில் தடுப்பாட்டம் முளைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய திறமை அவருடையது. ஆனால் அவர் வளரும்போது ஆண்களுக்கு ஒரு தேசிய லீக் இருந்தது. அது 1996இல் தொடங்கியது. லீக் என்றால் மாதச் சம்பளம், ஒப்பந்தம், காயம் பட்டால் மருத்துவர், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பதிவு. கோல் போடாதவனும் எத்தனை ஆட்டம் ஆடினான் என்று அதில் இருக்கும்.

இந்தியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் உருவானது. நான்கைந்து ஆண்டுகளிலேயே, 1979ஆம் ஆண்டுக்குரிய ஆசிய மகளிர் போட்டியைக் கோழிக்கோட்டில் நடத்தி இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். 1983இல் மீண்டும் இரண்டாம் இடம். அந்த ஆண்டு சாந்தி மல்லிக்குக் கிடைத்த அர்ஜுனா விருது, கால்பந்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த முதல் அர்ஜுனா. ஆசியாவில் இரண்டாம் இடம் பெற்ற அந்தப் பெண்களுக்கு ஊர் திரும்பினால் ஆட ஒரு தேசிய லீக் இல்லை. அது வந்தது 2017இல். 1975க்கும் 2017க்கும் இடையே 42 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஆடிய எல்லாப் பெண்களும், நாட்டுக்கே ஆடியிருந்தாலும், லீக்குக்கு வெளியே நின்றவர்கள்தாம். வந்த லீக்கும் முதலில் ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டியாகவே இருந்தது. சொந்த மைதானம், எதிரணியின் மைதானம் என்று மாறி மாறி ஆடும் முறை 2023-24 பருவத்தில்தான் வந்தது.

தமிழ்நாட்டுப் பெண்கள் இதற்குள்தான் எழுந்து வந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து பயிற்சி வலுப்பட்டது. அந்த மாவட்டத்திலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை போனார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், அந்தக் கோப்பையைத் தன் வீட்டுச் சொத்துபோல வைத்திருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. தமிழ்நாட்டுக்கு அது முதல் பட்டம். மறு ஆண்டு மே மாதம் லூதியானாவில், மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கில் இந்தியாவின் நடுக்களம் சென்னைச் சாலையில் முகக்கவசத்தோடு பணியில் நின்றது. ஆட்டம் சோறு போடாத இடத்தில் வேலைதான் சோறு போடுகிறது. அதனால்தான் தமிழ்நாட்டு அரசு வேலைகளில் உள்ள மூன்று விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு, கால்பந்து ஆடும் ஏழைப் பெண்ணுக்கு லீக்கைவிடப் பெரிய லீக்.

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். செய்தித்தாள் அந்த ‘இரண்டை’க் கொண்டாடும். என் மாணவி அந்த ‘ஒன்றை’ப் பார்த்தாள். “மணிப்பூரை ஒரு கோலோட நிறுத்தியிருக்காங்கம்மா” என்றாள்.

இத்தனையும் படித்து முடித்த ஒரு மாலை அவளை மறுபடியும் அழைத்தேன். படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டேன். “முதல் வருசத்துல இருந்து சொல்லு கண்ணு. எந்த ஊர், யாரோட ஆட்டம், என்ன ஆச்சு. அதச் சொல்லு” என்றேன். கடைசிப் பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. தேதி மறந்த இடத்தில் மழை பெய்ததா, மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததா, எந்தக் கால் சுளுக்கியது என்று வைத்துக் கணக்குப் போட்டாள். மாதவிலக்கு நாளில் வெள்ளைக் கால்சட்டையோடு ஆடிய ஆட்டம். பூட்ஸ் இல்லாமல் தோழியின் பூட்ஸில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்ட ஆட்டம். எதிரணி ஃபார்வர்டு முட்டியில் உதைத்துவிட்டு ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. நான் எழுதிக்கொண்டே போனேன். மொத்தம் 41 ஆட்டம். அவற்றில் 17 ஆட்டத்தில் எங்கள் கல்லூரி ஒரு கோல்கூட வாங்கவில்லை. உடற்கல்வி ஆசிரியையிடம் இருந்த பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தோம். பதிவேட்டில் வெற்றி தோல்வி மட்டும் இருந்தது. ஆனாலும் அவள் சொன்ன ஊரும் ஆண்டும் ஒன்றும் பிசகவில்லை.

கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். கோடு போட்டுவிடலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ‘0’ என்று தெளிவாகப் போட்டாள். அதன் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, சின்ன எழுத்தில் எழுதினாள்: தடுப்பாட்டம். 41 ஆட்டங்கள். கோல் வாங்காதவை 17. உடற்கல்வி ஆசிரியை கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

படிவத்தில் இல்லாத ஒன்றை எழுதினால் தள்ளிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. தை வர ஐந்து மாதம். அவள் அம்மா போன வாரம் கல்லூரிக்கு வந்தார். விரல் நுனிகள் கிழங்குப் பாலில் ஊறி வெளுத்திருந்தன. “எம் பொண்ணு பதினேழு தடவ ஒண்ணும் விடலையாமே” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். “எனக்குச் சொல்லவே இல்லையே” என்றார்.

அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நாற்பத்தொன்றுக்குப் பிறகு பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. இந்த ஆண்டு அணியில் சேர்ந்திருக்கும் முதலாண்டுப் பெண்கள் இருவர் பின்களத்தில் ஆடுகிறார்கள்; அவர்கள் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.